செஞ்சுபாத்தியா சேரும் வெளிறிப்போன பிளேன்டீயும்

ஓப்பநாயக்கப் பக்கம் மலைமேல் இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டப் பாடசாலையில், அவரிடம் மாட்டிக்கொண்டு அவதிப்படாத உயிரினம் ஒன்றுகூட இல்லை. அட்டையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வரவுப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஊருக்கு அவர் ‘செஞ்சுபாத்தியா சேர்’. தரம் பத்துக்கும் பதினொன்றுக்கும் விஞ்ஞானம் படிப்பித்தார். யார் எதைச் சொன்னாலும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, “செஞ்சு பாத்தியா?” என்பார். எனக்கு மட்டும் மரியாதையாக, “செஞ்சு பாத்தீங்களா டீச்சர்?” நான் தமிழ் டீச்சர். வேற்றுமை உருபை நான் எங்கே போய்ச் செய்து பார்ப்பது?

அட்டைக்கு உப்புப் போட்டால் உடனே விழுந்துவிடும் என்று ஒருநாள் ஆசிரியர் அறையில் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். மறுநாள் காலை மனிதர் தேயிலைக்குள் இறங்கி, மூன்று அட்டைகளைக் காலில் ஏற்றிக்கொண்டு வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். ஒன்றுக்கு உப்பு, ஒன்றுக்குச் சவர்க்காரத் தண்ணீர். மூன்றாவதற்கு ஒன்றுமே இல்லை. மணி அடித்ததும் அதைக் காலில் வைத்துக்கொண்டே வகுப்புக்குக் கிளம்பினார். ரத்தம் ஒழுகுகிறதே என்று நான் உப்புப் போத்தலோடு பின்னாலேயே ஓடினேன்.

“தொட்றாதீங்க டீச்சர். அது ஒப்பிட்டுப் பாக்க வச்சிருக்கது.”

இரண்டு பாடவேளை குடித்து, நெல்லிக்காய் மாதிரி வீங்கி, அது தானாக விழுந்தது. பிள்ளைகள் பக்கத்திலேயே நின்று நேரம் குறித்துக்கொண்டார்கள். என் மதியச் சாப்பாடு கட்டியபடியே வீட்டுக்குத் திரும்பிப் போனது.

இந்த லட்சணத்தில்தான் அந்தக் கடிதம் வந்தது. எங்களுக்கு ஆய்வுகூடம் கிடையாது. ஆய்வுகூடம் இல்லாத இடத்தில் தரம் பத்தும் பதினொன்றும் எதற்கு, பிள்ளைகளைப் பலாங்கொடை டவுன் பாடசாலைக்கு மாற்றிவிடலாமா என்று பார்க்க ஓர் அதிகாரி வருகிறாராம். மொத்தம் பதினேழு பிள்ளைகள். அதில் பாதிப்பேர் தோட்டத்தின் மேல் டிவிஷன் பொம்பளைப் பிள்ளைகள். அவ்வளவு தூரம் பஸ்ஸில் தனியாக அனுப்ப எந்த வீட்டிலும் சம்மதிக்க மாட்டார்கள். பத்தாம் தரத்துச் சுலோச்சனாவின் அம்மா கொழுந்துக்கூடையோடு வந்து என்னிடம் நேராகவே சொல்லிவிட்டார். வகுப்பை மூடினால் மகள் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான்.

அதிபர் சும்மா இருக்கவில்லை. பக்கத்துச் சிங்களப் பாடசாலையில் கெஞ்சிக் கூத்தாடி, கண்ணாடிக் குடுவைகளும் ஒரு நுணுக்குக்காட்டியும் இரவல் வாங்கி மேசையில் அடுக்கினார். நம் ஆளைத் தனியே கூப்பிட்டு, அதிகாரி முன்னால் வாயைத் திறக்கவே கூடாது, முக்கியமாக அந்த இரண்டு வார்த்தை வரவே கூடாது என்று பிள்ளையார் மேல் சத்தியம் வாங்கினார்.

அதிகாரி வந்தார். மேசையைப் பார்த்தார். “இதெல்லாம் ஒங்க பாடசாலை சாமானா?”

“இல்லீங்க சேர், இரவல். பின்னேரம் திருப்பிக் குடுக்கணும்” என்றார் நம் ஆள், பளிச்சென்று.

அதிபர் கதிரையைப் பிடித்துக்கொண்டார். நான் கையில் கிடைத்த கொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டேன். அதிகாரி பேனாவை எடுத்து என்னவோ எழுதத் தொடங்கினார். சரி, கதை முடிந்தது என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பால் விடாத பிளேன்டீ வந்தது. டாக்டர் பாலை நிறுத்தச் சொன்னதால் அதிகாரி எலுமிச்சங்காய் கேட்டு வாங்கிப் பிழிந்தார். கடும் சிவப்பாக இருந்த தேத்தண்ணி வெளிறிப்போனது. அவர் முகம் சுருங்கியது.

“தேயிலைத் தோட்டத்துல இருந்துக்கிட்டு கழிவுத் தூளா குடிக்கிறீங்க? நல்ல தூளா இருந்தா சாயம் போவாது.”

நான் அதிபரைப் பார்த்தேன். அதிபர் என்னைப் பார்த்தார். நம் ஆளின் கண்ணாடி மெதுவாக நெற்றிக்கு ஏறியது.

“செஞ்சு பாத்தீங்களா சேர்?”

அதிகாரி ஆ என்று பார்த்துக்கொண்டிருக்க, இவர் வகுப்பையே கூப்பிட்டுவிட்டார். பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். அரை மணி நேரத்தில் மேசையில் வரிசையாகப் பதினேழு பிளேன்டீ. தொழிற்சாலைத் தூள், கடைத் தூள், வீட்டுத் தூள் எல்லாம் இருந்தது. இரவல் குடுவைகளை ஓர் ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். ஒரு பிள்ளை எலுமிச்சை விட்டாள், எல்லாத் தூளின் சாயமும் வெளிறியது. இன்னொருவன் அப்பச்சோடா போட்டான், கறுத்தது. சுலோச்சனா அடுப்புச் சாம்பலைக் கரைத்து ஊற்றிக் கறுக்க வைத்து, அதே கிளாசில் எலுமிச்சையைப் பிழிந்து மறுபடி வெளிற வைத்தாள். தேயிலைச் சாயம் அமிலத்தில் ஒரு நிறம், காரத்தில் ஒரு நிறம் காட்டும், தூளில் பிழையில்லை என்று அதிகாரிக்கு நிதானமாக விளக்கினாள். குரல் நடுங்கவே இல்லை.

அதிகாரி சட்டைக் கையை மடித்துவிட்டுச் சாம்பல் தண்ணீரைத் தானே ஊற்றிப் பார்த்தார். ஒரு தடவை இல்லை, நாலு தடவை. மதியச் சாப்பாட்டையும் மறந்தார். போகும்போது, வகுப்பு இங்கேயே நடக்கட்டும், ஆய்வுகூடத்துக்கு நான் எழுதுகிறேன் என்றார். அதிபர் அழுதே விட்டார். நம் ஆளோ எந்தக் கிளாஸ் எவ்வளவு கறுத்தது என்று குறித்துக்கொண்டிருந்தார். இந்த மனிதருக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அடுத்த கிழமை நான் டவுனுக்குப் போனபோது பஸ் கண்டக்டர் சிங்களத்தில் விசாரித்தான், உங்கள் சேரை ஏன் இப்போது காணோம் என்று. அப்போதுதான் தெரிந்தது. அதிகாரி வருவதற்கு முந்திய மூன்று நாளும் இவர் விடியற்காலை முதல் பஸ்ஸில் பலாங்கொடை டவுன் பாடசாலை வாசல்வரை போய், கையில் கடிகாரத்தோடு அடுத்த பஸ்ஸைப் பிடித்து, இங்கே முதல் மணிக்கு முன்னால் திரும்பியிருக்கிறார். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை.

நேரே அவரிடம் போய்க் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார்.

“வகுப்ப மூடிட்டா புள்ளைகள தனியா அனுப்ப மாட்டாங்கல்ல டீச்சர். தெனமும் நான் கூடப் போயி விட்டுட்டு வாறேன்னு சொன்னா, அனுப்புவாங்கன்னு நெனச்சேன். மொத மணிக்கு முந்தித் திரும்பிற முடியுமான்னு பாத்தேன்.”

அன்றைக்குப் பிறகும் அவரைத் திட்டாமல் ஒரு நாள் போனதில்லை. ஆனால் என் சாப்பாட்டுப் பார்சலில் அவருக்கென்று ரெண்டு கரண்டி சோறு கூடுதலாகத்தான் கட்டிக்கொண்டு போனேன்.