லெஃப்ட் ஃபீல்டில் துரை அண்ணன்

நான் பேயைப் பார்த்ததில்லை. ஆனால் ஒரு பேயை டீம் லிஸ்டில் சேர்த்து, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். பேயைப் பார்த்தவர்கள் கயிறு கட்டித் தப்பித்துக்கொள்கிறார்கள். கையெழுத்துப் போட்டவனுக்கு அந்த வசதி கிடையாது.

சாங்கி ஏர்போர்ட்டில் கார்கோ வேலை பார்ப்பவர்கள் சேர்ந்து ஆரம்பித்த பேஸ்பால் டீம் எங்களுடையது. பெயர் மைனாஸ். (சிங்கப்பூரில் மைனாவைக் கண்டால் எல்லாரும் விரட்டுவார்கள். எங்களையும்தான்.) அதற்கு நான் மேனேஜர். ஆட்டம் தெரியும் என்பதால் இல்லை, வாட்ஸ்அப் குரூப்பை ஆரம்பித்தவன் என்பதால்.

கடைசி ஆட்டத்துக்கு முந்தின ஞாயிறு, லிட்டில் இந்தியாவில் எல்லாரும் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டோம். ரசம் வந்ததும் எனக்கு வீரம் வந்தது. எழுந்து நின்று அறிவித்தேன்.

"அடுத்த சீசன்ல நாம செமி ஃபைனல்! எழுதி வச்சுக்குங்க."

அந்த வருஷம் நாங்கள் ஜெயித்தது ஒரே ஆட்டம். அதுவும் எதிர் டீமின் பஸ் வராததால்.

உண்மையில் அடுத்த சீசன் என்று ஒன்று எங்களுக்கு உண்டா என்பதே சந்தேகம். ஒன்பது பேர் சேராமல் ஏற்கெனவே இரண்டு ஆட்டங்களைக் கைவிட்டிருந்தோம். மூன்றாவது முறையும் ஆள் குறைந்தால் லீக்கிலிருந்தே தூக்கிவிடுவார்கள். அந்தக் கடிதம் என் ஈமெயிலில் மட்டும் இருந்தது. (செமி ஃபைனல் என்று முழங்கிவிட்டு அதை எந்த வாயால் சொல்வது?)

கடைசி ஆட்டம் குவீன்ஸ்டவுன் பக்கம் ஒரு பழைய மைதானத்தில். காலை ஒன்பது மணி. வானம் தெரியவில்லை. பக்கத்து நாட்டுக் காட்டுத்தீயின் புகைமூட்டம் நான்கு நாளாக ஊரை மூடியிருந்தது. ஆட்டத்தை நிறுத்தும் அளவுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். லெஃப்ட் ஃபீல்டு என்கிற இடது மூலைக்குப் பின்னால், ஆட்களைக் காலி செய்துவிட்டு இடிக்கக் காத்திருந்த ஒரு அடுக்குமாடி. கதவு கழற்றிய வீடுகள் புகைக்குள் வரிசையாக வாயைத் திறந்துகொண்டு நின்றன. போதாததற்கு அது சீனர்களின் ஏழாம் மாதம். ஆவிகள் ஊருக்குள் உலாவ வரும் மாதம். புல்லோரம் ஆரஞ்சுப் பழங்களும் எரிந்து முடிந்த ஊதுபத்திகளும் கிடந்தன.

வந்திருந்தது எட்டுப் பேர். ஒன்பதாமவனுக்கு ஆஸ்துமா.

அப்போதுதான் என் ஃபைலில் துரை அண்ணனின் லீக் கார்டு கண்ணில் பட்டது. இருபது வருஷம் எங்கள் லெஃப்ட் ஃபீல்டைக் காத்தவர், நம்பர் ஒன்பது. தவறிப்போய் அந்த வாரத்தோடு ஒரு வருஷம் ஆகியிருந்தது. கார்டை ரத்து செய்யவேண்டியவன் நான். செய்யவில்லை. லெஃப்ட் ஃபீல்டோ புகையில் தெரியவே இல்லை. அங்கே ஆள் நிற்கிறானா இல்லையா என்று யார் போய்ப் பார்க்கப்போகிறார்கள்? பேட் பிடிக்கும் முறை வந்தால், கால் பிடித்துக்கொண்டது என்று சொல்லி ஒரு அவுட் கொடுத்துவிடலாம். எழுதினேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

கேட்சர் ஆ செங் லிஸ்டை எட்டிப் பார்த்தான். முகம் வெளுத்தது.

"ப்ரோ, செவன்த் மந்த் லா! யூ க்ரேஸி ஆ?"

இந்த மாதத்தில் செத்தவர் பெயரைச் சொல்லவே கூடாதாம். கூப்பிட்டால் வந்துவிடுவார்களாம்.

"வரட்டும் லா, நமக்கும் ஒரு ஆள் குறையுதுல்ல" என்றேன். (ஜோக் அடிக்கிறேனாம்.)

அம்பயர் பெயர்களை வாசித்தார். எட்டுப் பேரும் கை தூக்கினோம்.

"நம்பர் நைன், துரை!"

நான் இருமி, "அங்க நிக்கிறாரு" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் புகைக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

பட். பட்.

துரை அண்ணன் ஒருநாளும் "யெஸ்" என்று சொன்னதில்லை. கிளவுஸை இரண்டு தட்டுத் தட்டுவார். அவ்வளவுதான்.

அம்பயர் டிக் போட்டுக்கொண்டார். ஆ செங் முகத்துக் கம்பியை இழுத்து மூடிக்கொண்டான்.

நான் மூன்றாம் பேஸில் நின்றேன். அதாவது, லெஃப்ட் ஃபீல்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. இத்தனை வருஷத்தில் முதுகு அப்படிச் சில்லிட்டதில்லை. முதல் ஆளே பந்தை என் தலைக்கு மேலே அடித்தான். பந்து புகைக்குள் போய் மறைந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் பந்து திரும்பி வந்தது. யாரும் எறிந்த பந்து இல்லை. புல்மேல் மெதுவாக, யாரோ அக்கறையாகத் தள்ளிவிட்ட மாதிரி உருண்டு வந்து, என் ஷூவில் இடித்து நின்றது.

சென்டர் ஃபீல்டில் குமரேசன். ஜூரோங் ஷிப்யார்டில் வேலை, கிரிக்கெட் தெரியும் என்பதற்காக நான் பிடித்து வந்த பையன்.

"அண்ணே, லெஃப்ட்ல யாருண்ணே நிக்கிறது?" என்று கத்தினான்.

"துரை அண்ணன்டா!" (அம்பயர் காதில் விழவேண்டுமே.)

"அவரு செத்துட்டாருன்னு சொன்னீங்க?"

"வாய மூடிக்கிட்டு ஆடுடா!"

குமரேசன் அதற்குப் பிறகு ரைட் ஃபீல்டரின் பக்கத்திலேயே போய் நின்றுகொண்டான். எங்கள் லெஃப்ட் ஃபீல்டு முழுக்கக் காலி. ஆனால் அடித்த பந்தெல்லாம் உருண்டு திரும்பி வந்தது.

மூன்றாம் இன்னிங்ஸ். நாங்கள் பேட்டிங். எட்டுப் பேரும் ஆடி முடித்தாகிவிட்டது.

"நெக்ஸ்ட் பேட்டர், துரை!"

"அம்பயர், அவருக்குக் கால்..." என்று ஆரம்பித்தேன்.

புகைக்குள் ஏதோ அசைந்தது. ஒரு உருவம். ஒரு காலை இழுத்து இழுத்து, அவசரமே இல்லாமல் வந்தது. முதலில் மஞ்சள் ஜெர்சி தெரிந்தது. அப்புறம் நெஞ்சில் நம்பர் ஒன்பது.

நான் ஓடினேன். அந்த வேகத்தில் ஒருமுறை பேஸ் சுற்றியிருந்தால் என் பெயரில் ஒரு ஹோம் ரன் இருந்திருக்கும். பெஞ்சைத் தாண்டினேன், வேலியைத் தாண்டினேன், லாங்காங்கைத் தாண்டவில்லை. வடிகாலுக்குள் மல்லாந்து விழுந்தேன். விழுந்த இடத்தில் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "அண்ணே, மன்னிச்சிருங்க! ஆள் குறைஞ்சுதுண்ணே! லீக்க விட்டுத் தூக்கிருவாங்கண்ணே! யார்கிட்டயும் சொல்லலண்ணே!" என்று எல்லாவற்றையும் கக்கிவிட்டேன்.

கண் திறந்தால் மேலே முழு டீமும் நிற்கிறது. அம்பயர் குனிந்து, "அங்கிள், யூ ஓகே?" என்றார். (வாழ்க்கையில் முதல் அங்கிள் அது.) அவர் பக்கத்தில், புடவைக்கு மேல் நம்பர் ஒன்பது ஜெர்சி போட்டுக்கொண்டு, துரை அண்ணனின் மனைவி லீலா அக்கா.

"ஏன்டா முரளி, பேரச் சொல்லிக் கூப்புடுற, வந்தா ஓடுற?"

அண்ணனின் ஜெர்சியையும் கிளவுஸையும் டீமிடம் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார். இருபது வருஷமாக உட்காரும் வழக்கப்படி, லெஃப்ட் ஃபீல்டுக் கோட்டுக்கு வெளியே, மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். பையில் வைத்தால் ஜெர்சி கசங்குமே என்று போட்டுக்கொண்டே வந்துவிட்டாராம்.

அம்பயர் ஜெர்சியைப் பார்த்தார், லிஸ்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். லிஸ்டைக் கிழித்தார். எனக்கு உயிர் போனது. மூன்றாவது முறை, அத்தோடு மைனாஸ் முடிந்தது.

"என் பேர எழுதிக்குங்க தம்பி, ஒன்பதாவது ஆளா" என்றார் அக்கா. "இவங்க ஆடலன்னா ஞாயித்துக்கெழம நான் எங்க போய் ஒக்கார்றது?"

அம்பயர் ஆங்கிலத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டார். விதிப்புத்தகத்தை வெகுநேரம் புரட்டினார். பெண் கூடாது என்று இல்லை. வயதானவர் கூடாது என்றும் இல்லை. பொய் எழுதிய மேனேஜரை மட்டும் ஆயுளுக்கும் நீக்கலாம் என்று இருந்தது.

அக்கா பேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். புடவை கட்டியவருக்கு எப்படிப் போடுவது என்று தெரியாமல் எதிர் பிட்சர் எறிந்த நான்கு பந்தும் வெளியே போயின. நான்கு பந்து வெளியே போனால் முதல் பேஸ் இலவசம், அக்கா நடந்தே போனார். அடுத்த மூன்று பேருக்கும் அவன் பந்து உள்ளே வரவில்லை, அக்கா நடந்தே ஒரு சுற்று முடித்தார். பதினான்குக்கு ஒன்று என்று தோற்றோம். அந்த ஒன்று அக்கா.

ஆட்டம் முடிந்து சாப்பாட்டுக் கடையில் மெதுவாகக் கேட்டேன். "அக்கா, கிளவுஸ் தட்டுனது நீங்கதானே?"

"ஆமாடா. அவர் பேரக் கூப்புட்டாங்களா, கையில கிளவுஸ் இருந்துச்சா, என்னையறியாம தட்டிட்டேன்."

"பந்த உருட்டி விட்டதும்..."

"எந்தப் பந்து?" என்றார் அக்கா. "முட்டி ஆபரேஷன் பண்ணவ எப்படிடா குனிவேன்?"

ஆ செங் சாப்பிடுவதை நிறுத்தினான். குமரேசன் அப்பளத்தை நொறுக்காமல் கையிலேயே வைத்திருந்தான்.

இன்றும் வீட்டில் யாராவது கூப்பிட்டு நான் பதில் சொல்லவில்லை என்றால், என் மகள் பக்கத்து அறையிலிருந்து இரண்டு தட்டுத் தட்டுவாள். நான் எழுந்து நின்றுவிடுவேன். என் மனைவி விருந்தாளிகளிடம் இதைச் செய்தே காட்டுவாள்.

லீலா அக்காதான் இப்போது மேனேஜர். ஒவ்வொரு சீசனும் முடிந்ததும் நான் ஆஜராகி, அடுத்த வருஷம் பிட்சருக்கு ஆள் வேண்டும், கேட்சருக்கு ஆள் வேண்டும், லெஃப்ட் ஃபீல்டுக்கு ஆள் வேண்டும் என்று பட்டியல் போடுவேன். அக்கா மோரை ஊற்றிக்கொண்டே கேட்பார். மற்றதற்கெல்லாம் தலையாட்டுவார்.

"லெஃப்ட் ஃபீல்டு மட்டும் விட்ருடா" என்பார். "அங்க ஆள் இருக்கு."