நான் கோடு போட்ட மைதானம்

ஒரு கல்லூரி அணியின் ஒரு வருட ஆட்டத்தை முழுசாகக் கெடுத்தவன் நான். இத்தனைக்கும் பந்தை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை.

இரண்டாயிரத்துகளின் நடுவில், துபாய் அல் கூஸில் மைதானம் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசராக இருந்தேன். அருப்புக்கோட்டைக்காரன், சிவில் டிப்ளமோ. அளவு விஷயத்தில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன் (வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை). அப்போது ஒரு கல்லூரியில் அமெரிக்கன் ஃபுட்பால் அணி தொடங்கினார்கள். மைதானத்துக்குக் கோடு போடும் வேலை எங்களுக்கு வந்தது.

அந்த ஆட்டத்தில் பந்து உரித்த தேங்காய் மாதிரி இருக்கும். உதைப்பது குறைவு, கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவதுதான் அதிகம். நாலு முயற்சிக்குள் பத்து யார்டு முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

அந்த யார்டில்தான் நான் விழுந்தேன். அமெரிக்கக் கோச் கொடுத்த வரைபடத்தில், நீளம் '100 யார்டு' என்று இருந்தது. கூட வேலை பார்த்த தஞ்சாவூர் மாரியப்பன் அண்ணன் அதைக் காட்டி, "தம்பி, யார்டுன்னு போட்ருக்கே, என்னா அது?" என்றார்.

"நம்ம கம்பெனி யார்டு இல்லையாண்ணே? அதே மாதிரி கிரவுண்டத்தான் சொல்றான். கிரவுண்டு நூறுன்னு அர்த்தம்."

(எங்களுக்கு யார்டு என்றால் பைப்பும் மணலும் போட்டு வைக்கும் இடம். கல்லூரியில் படித்த இன்னொரு யார்டு, மூன்றடி கொண்டது, வளைகுடா வெயிலில் ஆவியாகியிருந்தது.)

வளைகுடாவில் எல்லா அளவும் மீட்டர்தானே, நூறு மீட்டர் அளந்து கோடு போட்டேன். பத்து முன்னேறினார்களா என்று பார்க்க, இரண்டு கம்பும் நடுவே ஒரு சங்கிலியும் கேட்டார் கோச். அதையும் பட்டறையில் நானே செய்யவைத்தேன். மிகச் சரியாகப் பத்து மீட்டர். ஆட்ட நாளில் அதைப் பிடிக்கும் டியூட்டியும் எனக்கும் அண்ணனுக்கும்தான்.

முதல் மூன்று ஆட்டங்களும் எங்கள் மைதானத்தில். ஒன்றிலும் எந்த அணியும் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. உயிரைக் கொடுத்து ஓடுவார்கள். பந்து கம்புக்கு ஓரெட்டு முன்னாலேயே நின்றுவிடும். நான் சங்கிலியை விறைப்பாக இழுத்துப் பிடித்து, "ஷார்ட், சார்" என்பேன். பிள்ளைகளுக்கு வலு போதாது என்று கோச் அவர்களை வெயிலில் ஓடவிட்டார். மூன்றாவது ஆட்டம் முடிந்து, லெபனான்காரனான கேப்டன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதான். நான் போய், "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு" என்று தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன்.

நாலாவது ஆட்டம் குவைத்தில், ஃபஹாஹீல் பக்கம். அங்கே எங்கள் பிள்ளைகள் நாற்பத்தெட்டு புள்ளி எடுத்தார்கள், எதிரணி பூஜ்யம். கோச் தன் பயிற்சியின் மகிமை என்று பூரித்தார். ஆனால் துபாய் மைதானத்தில் யாராலும் புள்ளி எடுக்க முடியவில்லை என்ற பேச்சு குவைத் அணிக்கும் எட்டியிருந்தது. பதில் ஆட்டத்துக்கு துபாய் வந்தவர்கள் தங்கள் சங்கிலியையும் கொண்டுவந்துவிட்டார்கள்.

அன்றைக்குப் பார்த்து, என் வேலையின் அருமை தெரியட்டும் என்று மனைவி செல்வியை அழைத்துப் போயிருந்தேன். அவள் ஊரிலிருந்து வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது.

இரண்டு சங்கிலிகளையும் புல்லில் அருகருகே நீட்டினார்கள். எங்களுடையது ஏறக்குறைய மூன்றடி கூடுதலாகக் கிடந்தது.

கோச் கேட்டார்: "இது எவ்வளவு?"

"பத்து, சார்."

"பத்து என்ன?"

"மீட்டர், சார்."

அவர் தொப்பியைக் கழற்றினார். "அப்படியானால் மைதானம்?"

"அதுவும் மீட்டர்தான், சார். ஒரு இஞ்ச் பிசகாது." (பெருமையாகத்தான் சொன்னேன்.)

"தம்பி, கலாஸ், முடிஞ்சு போச்சு. வாய மூடு" என்றார் மாரியப்பன் அண்ணன், உதட்டை அசைக்காமல்.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. வேலை போனால் விசா போகும். செல்வி இன்னும் முழுசாகப் பிரிக்காத பெட்டியை மறுபடி கட்ட வேண்டியதுதான். கேப்டன் என்னிடம் வந்தான். அடிப்பான் என்று நினைத்தேன். ஒரு துடைப்பத்தைக் கையில் கொடுத்து, "இன்னும் கொஞ்சம் முயற்சி பண்ணு" என்றான். இரண்டு அணிகளும் சேர்ந்து சுண்ணாம்புக் கோடுகளைக் கூட்டித் தள்ளின. கோல் கம்பங்களை எட்டுப் பேர் தூக்கி நகர்த்தினார்கள். புதுக் கோடு போட்டு முடிக்க இரண்டரை மணி நேரம் ஆனது.

அன்று எங்கள் அணி ஜெயித்தது. பலன் இல்லை. மைதான அளவு தப்பு என்று முதல் மூன்று ஆட்டங்களையும் எங்கள் தோல்வியாக்கிவிட்டார்கள். கடைசி இடம்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டபோது ராஜினாமாக் கடிதத்தோடு போனேன். உள்ளே கோச் உட்கார்ந்திருந்தார். அடுத்த வருடமும் இதே ஆள்தான் வேண்டும் என்று கேட்க வந்திருந்தார்: ஆட்டம் நடக்கும் மைதானம் யார்டில், பயிற்சி மைதானம் மட்டும் மீட்டரில்.

இப்போது மதுரையில் இருக்கிறோம். வெளியே போன இடத்திலிருந்து போன் செய்து, "பத்து நிமிஷத்துல வந்துருவேன்" என்று நான் சொன்னால் செல்வி உடனே நம்புவதில்லை.

"ஊர்ல உள்ளவங்க பத்தா, ஒங்க பத்தா?" என்று கேட்டுவிட்டுத்தான் தோசைக்கல்லை அடுப்பில் வைக்கிறாள்.