சிவப்புக் கோட்டுக்கு உள்ளே

தெருவில் எல்லாருக்கும் வந்த கடிதம் அருட்பிரகாசத்துக்கு மட்டும் வரவில்லை.

செருப்புத் தைக்கிற ஐரிஷ்காரருக்கு வந்தது. தலைமுடி வெட்டுகிற கடைக்கு வந்தது. இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிற மீன்பொரியல் கடையின் கதவுக்குள்ளும் ஒன்று விழுந்து கிடந்ததை அவர் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்துவிட்டு வந்தார். அவருக்கு வந்தது மின்சார பில் ஒன்றுதான்.

நோர்பரியில், ரயில் பாலத்தை முட்டிக்கொண்டு நிற்கிற கடைசிக் கடை அவருடையது. எட்டு வருடம் பெற்றோல் செட்டில் வேலைக்கு நின்ற கால்களை, அதற்குப் பிறகும் உட்கார விடாமல் நிற்கவைத்து எடுத்த பலசரக்குக் கடை. நேர் எதிரே பத்மநாதனின் பலசரக்குக் கடை. இவர் வெண்டிக்காய் இறக்கினால் அவர் முருங்கைக்காய் இறக்குவார். கோயில் திருவிழாவில் மூன்றாம் நாள் செலவை உபயமாக இவர் ஏற்றால், நாலாம் நாளை அவர் ஏற்று, மேளம் இரண்டு கூடப் பிடிப்பார். ஆனால் முகத்துக்கு முகம் கண்டால் இரண்டு பேர் வாயிலும் தேன் வழியும்.

சும்மா கொத்தமல்லி விலை விசாரிக்கப் போகிறவர் போல அருட்பிரகாசம் தெருவைக் கடந்து போனார்.

"அண்ணைக்கு வரேல்லையோ?" பத்மநாதனின் முகத்தில் செத்தவீட்டுக் கவலை. "கவுன்சில் எங்கட தெருவை டவுன் சென்டர் ஆக்கப் போகுதாம். பழைய காலத்து இரும்பு விளக்கு, ஆக்கள் இருக்கிறதுக்கு மரவாங்கு, தொங்கிற பூக்கூடை எல்லாம் வருகுதாம். படத்திலை சிவப்புக் கோடு ஒண்டு கீறியிருக்கினம். உள்ளுக்கை நாப்பது கடை."

"உங்கட கடை?"

"உள்ளுக்கைதான். கோடு என்ரை சுவரோடை திரும்புது. அண்ணை குறை நினைக்கக் கூடாது."

குறை நினைக்கக் கூடாது. கலியாணத்துக்குச் சொல்லாமல் விட்டவனைச் சந்தியில் கண்டால் நம்மவர்கள் சொல்கிற வாசகம் அது. அதைக் கேட்டவன் செத்தாலும் மறக்கமாட்டான். அருட்பிரகாசம் கொத்தமல்லி விலையைக் கேட்காமலே திரும்பிவந்தார்.

அன்றைக்குச் சோறு அரைக் கோப்பையோடு நின்றது. மனைவி கனகாம்பிகைக்கு விஷயம் விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. கவுன்சில் எந்தக் காலத்தில் நல்ல சேதிக்குக் கடிதம் போட்டது, உள்ளே ஏதாவது வரி இருக்கும் என்றாள். இருந்தது. விளக்குக்கும் பூக்கூடைக்கும் காசு வேண்டுமே. கோட்டுக்குள் இருக்கிற கடைகள் ஒவ்வொன்றும், வழமையாகக் கட்டுகிற கடை வரிக்கு மேலே, அதன் அளவுப்படி இன்னொரு வரி ஐந்து வருடத்துக்குக் கட்டவேண்டும்.

"அது வரியில்லையப்பா. உபயம்," என்றார் அருட்பிரகாசம்.

"உபயகாரனுக்கு ஐயர் மரியாதையாய்க் காளாஞ்சி தருவார். கவுன்சில் என்ன தரும்?"

அருட்பிரகாசம் மறுநாள் காலை கவுன்சிலுக்கே போனார்.

அங்கே கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது கிரிஜா என்ற தமிழ்நாட்டுப் பெண். படத்தை விரித்துப் பார்த்தாள். இவருடைய முகத்தையும் பார்த்தாள்.

"வெளிய இருக்கீங்க சார். வரி கட்ட வேண்டாம்னு சொல்றாங்க. இதுல என்ன வருத்தம்?"

"பிள்ளை, கட்ட வேண்டாமெண்டு சொல்ல நான் என்ன நேற்று வந்த ஆளோ? எனக்குச் சலுகை வேண்டாம். மரியாதை வேணும்."

மரியாதைக்கும் அந்தக் கவுன்சிலில் ஒரு படிவம் இருந்தது. உங்கள் கடையை ஏன் டவுன் சென்டரில் சேர்க்கவேண்டும் என்று ஒரே ஒரு கேள்வி. பதிலுக்கு நாலு வரி விட்டிருந்தார்கள். அருட்பிரகாசம் ஏழு பக்கம் எழுதினார்.

குழி வெட்டினவனுக்குத் தெரியும், முதல் மண்வெட்டி போடும்வரைதான் யோசனை. அதற்குப் பிறகு குழியே ஆளை உள்ளே இழுக்கும். தன்னுடைய கடைதான் இந்தத் தெருவின் இருதயம் என்று முதற்பக்கத்தில் எழுதினார். பக்கத்து ஊரான ஸ்ட்ரெதத்திலிருந்தும் ஆட்கள் பஸ் ஏறி வருகிறார்கள் என்று எழுதினார். பின்பக்கத்துக் கிடங்கைக் களஞ்சியசாலை என்றும், கழிவறைக்குப் போகிற ஒடுக்கமான பாதையை மேலதிக காட்சிக்கூடம் என்றும் எழுதினார். வாடிக்கையாளரிடம் முந்நூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினார். அரிசி விலை குறைக்கச் சொல்கிற மனு என்று நினைத்துப் பாதிப் பேர் போட்டார்கள். ஒரு கிழவர், மருமகனின் விசா அலுவல் என்று நினைத்து இரண்டு போட்டார்.

மூன்று கிழமையில் கடிதம் வந்தது. சிவப்புக் கோடு வளைந்து, தெருவைத் தாண்டி, அருட்பிரகாசத்தின் கடையைச் சுற்றிக்கொண்டு போயிற்று. அவர் கேசரி கிண்டுவித்துத் தெரு முழுக்கக் கொடுத்தார். ஐரிஷ்காரர் அதை என்ன செய்வதென்று தெரியாமல் மணந்து பார்த்தார். பத்மநாதன் மட்டும் இரண்டு கரண்டி வாங்கி, "இப்பதான் அண்ணை தெரு நிறைஞ்சு கிடக்கு," என்று அவருடைய தோளைக் கட்டிப்பிடித்தார். இந்த மனிதனைப்போய்த் தப்பாக நினைத்தோமே என்று அருட்பிரகாசத்துக்கு அன்றிரவு கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அடுத்த கிழமை, அளவு நாடாவோடு ஒரு வெள்ளைக்காரர் வந்தார். கையில் அந்த ஏழு பக்கம். களஞ்சியசாலையை அளந்தார். காட்சிக்கூடத்தில் பக்கவாட்டாக நின்று அளந்தார். இவ்வளவு பெரிய கடைக்கு இவ்வளவு காலமும் இவ்வளவு குறைந்த வரியா என்று ஆச்சரியப்பட்டு, ஏற்றிவிட்டுப் போனார்.

அருட்பிரகாசம் சும்மா இருப்பாரா? உடனே எட்டாவது பக்கத்தை எழுதி அனுப்பினார். முன்னே எழுதியது கொஞ்சம் கூடிப்போயிற்று. உண்மையில் இது கோழிக்கூடு அளவு கடை. கிடங்கென்பது எலி ஓடுகிற ஒரு மூலை. மனிதர் அதற்குள் போவதே இல்லை.

வரி குறையவில்லை. எலி பிடிக்கிற பகுதிக்கு அந்தக் கடிதம் போயிற்று. சுகாதாரக்காரர் இரண்டு பேர் வந்து கடையைப் பூட்டி, ஒரு எலியையும் காணாமல் நாலு நாள் தேடினார்கள்.

"எலி எங்கையெண்டு என்னைக் கேக்கினம்," என்றாள் கனகாம்பிகை. "இஞ்சேருங்கோ, ஒண்டைப் பிடிச்சாவது குடுங்கோ. போய்த் துலையட்டும்."

கடை திறந்த அன்றுதான் வீதி வேலையும் தொடங்கியது. எங்கிருந்து தொடங்குவதென்று யோசித்த அதிகாரிகளுக்கு, இருதயம் இருக்கிற இடம் எழுத்தில் இருந்தது. அருட்பிரகாசத்தின் வாசலில் ஆள் உயரக் குழி. அதற்குக் குறுக்கே ஒரு பலகை. தள்ளுவண்டிப் பெண்கள் பலகையைப் பார்த்தார்கள், குழியைப் பார்த்தார்கள், எதிர்க் கடைக்குப் போனார்கள். மரக்கறி வானுக்கு நிற்க இடமில்லை. அருட்பிரகாசம் கத்தரிக்காய்ப் பெட்டியை இரண்டு தெரு தள்ளியிருந்து தோளில் சுமந்தார்.

கெதியாக முடிக்கட்டும் என்று வேலைகாரருக்குத் தினமும் பத்து மணிக்குத் தேத்தண்ணியும் ஆட்டிறைச்சி ரோல்ஸும் கொடுத்தார். அங்கேதான் அவர் பிழைவிட்டார். ரோல்ஸ் கிடைக்கிற குழியை எந்தத் தொழிலாளி அவசரப்பட்டு மூடுவான்? இரண்டு கிழமைக் குழி இரண்டு மாதம் கிடந்தது. அடுத்த தெருவில் வேலை செய்தவர்களும் பத்து மணிக்கு வந்து இந்தக் குழிக்குள் இறங்கி நின்றார்கள்.

இத்தனைக்கும் நடுவில் அவரைத் தாங்கி வைத்திருந்தது ஒன்றே ஒன்றுதான். எதிர்ப்பக்கத்தில் இன்னும் ஒரு கல்லும் பெயர்க்கப்படவில்லை.

"எங்கட பக்கம் இரண்டாம் கட்டம் எண்டு கதைக்கினம் அண்ணை," என்று பத்மநாதன் பெருமூச்சு விட்டிருந்தார். "தைக்கு மேலைதானாம். உங்களைப் பாக்கப் பாக்க எனக்கு நித்திரை வருகுதில்லை."

அருட்பிரகாசம் அவருக்கு ஆறுதல் சொன்னார். பலகையை அகலமாகப் போடச் சொல்லும்படி புத்திமதியும் சொன்னார். தெருவைக் கடந்து திரும்பி வரும்போது அவருடைய நடையில் ஒரு துள்ளல் இருந்தது. எதிரே ஒரு குழி வரும் என்ற நம்பிக்கையில், தன் குழியை மனிதன் எவ்வளவு காலமும் தாங்குவான்.

தை வந்தது. மாசியும் வந்தது. எதிரே குழி வரவில்லை. கடை வாடகை இரண்டு மாதம் பிந்திவிட்டது. அடுத்த மாதமும் இப்படியென்றால் கடையின் திறப்பைக் கொடுத்துவிட்டு வெளியேற வேண்டியதுதான் என்று கட்டடச் சொந்தக்காரர் எழுதியிருந்தார். கனகாம்பிகை கணவருடைய பழைய பெற்றோல் செட் சட்டையை எடுத்துத் தோய்த்துக் காயப்போட்டிருந்தாள். அதைக் கண்ட பிறகுதான் அருட்பிரகாசம் மரியாதையை மடித்து வைத்துவிட்டுக் கவுன்சிலுக்குப் போனார்.

கிரிஜா அவரை மறக்கவில்லை.

"என்னை வெளியிலை விடுங்கோ பிள்ளை."

"போகலாம் சார். ஆனா நாப்பது கடைங்கறது கணக்கு. ஒண்ணு வெளிய போனா ஒண்ணு உள்ள வரணும். உங்களுக்குப் பதிலா யாராவது விருப்பப்பட்டு வந்தா விட்டுடுவாங்க."

"எனக்கு அங்காலை ரயில் பாலம்தான் இருக்குது. பாலத்தையோ எழுதிக் குடுக்கச் சொல்லுறீர்?"

அவள் சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள். அருட்பிரகாசம் கவுண்டர் கண்ணாடிக்குக் கிட்டக் குனிந்தார். ஒரு மனிதன் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்த பிறகும், கடைசியாக ஒன்றைக் கேட்கலாம்.

"சரி. அது போகட்டும். எங்கட எதிர்ப்பக்கத்தை எப்ப தோண்டுவினம்? அதையாவது சொல்லும்."

கிரிஜா பைலை எடுத்தாள். தாள்களைப் புரட்டினாள். ஓர் இடத்தில் நின்று வாசித்து, நிமிர்ந்து இவரைப் பார்த்து, மறுபடியும் குனிந்து வாசித்தாள்.

"அங்க தோண்டமாட்டாங்க சார்; நீங்க உள்ள வந்த அன்னிக்கே உங்களைப் பதிலுக்குக் காட்டிப் பத்மநாதன் சார் வெளிய போயிட்டாரு, 'எதிர்க்கடைக்காரருக்குக் கடிதம் போட்டுடாதீங்க, கூப்பிட்டா வரமாட்டாரு, கூப்பிடாம விட்டா தானா ஓடி வருவாரு'ன்னு முன்னாடியே கைப்பட எழுதிக் குடுத்திருக்காரு."