கறிவேப்பிலைக்குக் காவல் நின்ற சாரி கார்டு

எனக்கு எழுபத்து மூன்று வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். படிப்பு மூன்றாம் வகுப்போடு நின்றது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், மெதுவாகத்தான் வரும். இந்தச் செம்பாக்கத்தில் என்னைச் சேலையைத் தவிர வேறு உடுப்பில் யாரும் பார்த்ததில்லை என்று போன மழைக்காலம் வரை பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை.

கடைசிப் பிள்ளை பாபுவுக்குக் கேளம்பாக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை. ரோட்டிலும் போகும் காட்டிலும் போகும் என்று ஒரு சின்ன மோட்டார் சைக்கிள் வாங்கினான். வாங்கியதோடு விட்டானா? பல்பல்லாக வேறு டயர் போட்டான். முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பரை மாற்றி வண்டியை உயர்த்தினான். கல் அடிக்காமல் இன்ஜினுக்கு அடியில் தகடு வைத்தான். (எங்கள் சமையலறைக் குழாய் அப்போதும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.) அப்புறம் எடையைக் குறைக்கிறேன் என்று செயின் கவர், பின்னால் பிடித்துக்கொள்ளும் கம்பி, பெண்கள் கால் வைக்கும் படி, சேலை சக்கரத்தில் மாட்டாமல் தடுக்கும் சாரி கார்டு எல்லாவற்றையும் கழற்றிப் போட்டான்.

"இதுல பொம்பள எப்டிடா குந்துவா?" என்றேன்.

"எந்தப் பொம்பள வரப்போறாம்மா?"

(உண்மைதான். அவனுக்கு இன்னும் பெண் அமையவில்லை.)

நல்ல கம்பியாயிற்றே என்று சாரி கார்டை எடுத்துப்போய், ஆடு வாய் வைக்காமல் என் கறிவேப்பிலைக் கன்றுக்கு முன்னால் ஊன்றினேன்.

அந்த மழையில்தான் கீழ்க்கட்டளையில் என் அக்கா போய்விட்டாள். எங்கள் கூடப்பிறந்தவர்கள் யாரும் உயிரோடு இல்லை. செத்தவளுக்குப் பிறந்த வீட்டார் கடைசியாகப் போர்த்தும் கோடிச் சேலை போட நான் ஒருத்திதான் மிச்சம். அக்கா மகள் வசந்தா போன் செய்தாள்.

"சித்தி, சுடுகாட்டு ரோட்லயும் தண்ணி ஏறிக்கினு கீது. இருட்டறதுக்குள்ள எடுத்துடணும்ன்றாங்க. நீ வரலன்னா கோடி யாரு போடறது?"

ஆட்டோக்காரர் வர மாட்டேன் என்றார். பெரியவனுடைய கார் தெருமுனைத் தண்ணீரிலேயே நின்றது. பாபு தன் வண்டியை எடுத்தான். இரண்டு பக்கமும் கால் போட்டு உட்காரச் சொன்னான். அதற்குத் தோதாக அவன் அண்ணியின் சுடிதாரையும் நீட்டினான்.

"சாவு வூட்டுக்குச் சுடிதார்ல போறவளாடா நானு?" என்று கேட்டுவிட்டு, நாற்காலி போட்டு ஏறி, ஒரு பக்கமாகவே உட்கார்ந்தேன். கால் வைக்க இடமில்லை, தொங்கவிட்டேன். பிளாஸ்டிக் பையில் சுற்றிய கோடியை மார்போடு அணைத்துக்கொண்டேன்.

வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். பஸ்ஸே நின்றுபோன தண்ணீரில் அது எருமை மாதிரி நடந்தது. நின்றுபோன கார்க்காரர்களை நான் கொஞ்சம் கர்வமாகவே பார்த்தேன். மேடவாக்கம் தாண்டும்போது கர்வத்தோடு முந்தானையும் பறந்தது. செயின் அதைப் பிடித்தது. பிறகு கொசுவத்தையும் இழுத்தது. சக்கரம் இறுகி, இருவரும் தண்ணீரில் விழுந்தோம்.

கை சிராய்த்ததோடு தப்பினேன். சேலை தப்பவில்லை. கோழிக்கடைக்காரர் ஒருவர் கத்தியோடு வந்து பார்த்து, "யம்மா, இது வராது, அறுத்துடறேன்" என்றார். கோழிக்குச் சொல்வது போலவே சொன்னார். ஊர் பார்க்க உள்பாவாடையோடு நின்றேன். செத்தது அக்காவா நானா என்று இருந்தது.

பாபு அழுதுவிட்டான். "கோடிய எடுத்து சுத்திக்கோம்மா."

"அது அக்காவோடதுடா."

அவன் கடைக்குள் போய், தன் முட்டிக்கவசம் வைத்த பேன்ட்டையும் தோள் புடைத்த ஜாக்கெட்டையும் கழற்றி என்னிடம் கொடுத்தான். அவன் அரை டிராயரோடு ஓட்டினான். நான் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்தேன்.

அக்காவைத் தூக்கப்போகிற நேரத்தில் உள்ளே நுழைந்தோம். ஒப்பாரி சட்டென்று நின்றது. வாசலில் யாரோ, "தண்ணில மாட்டினவங்கள மீட்கற ஆளுங்க போல, வழி வுடுங்க" என்றார்கள். வசந்தா முதலில் முறைத்தாள். அப்புறம், அழுத முகத்தோடே, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் அக்கா பக்கத்தில் முட்டி போட்டேன். வலிக்கவே இல்லை; அதற்கு அந்தக் கவசத்துக்கு நன்றி. கோடி ஒரு சொட்டுக்கூட நனையவில்லை. விரித்துப் போர்த்தினேன். எனக்குச் சேலை கட்டப் பழக்கியவள் அவள்தான். கடைசியாக என்னைப் பேன்ட்டோடு வரவைத்துவிட்டாள்.

பாபு மறுவாரமே கழற்றியதையெல்லாம் திரும்பப் பூட்டினான். கறிவேப்பிலையை ஆடு தின்றது. இப்போது எங்கள் சொந்தத்தில் எந்தச் சாவுக்குக் கிளம்பினாலும் வசந்தா போன் செய்து, "சித்தி, பேன்ட் எடுத்துக்கினியா?" என்று கேட்கிறாள். நானும் சிரிக்கிறேன். எனக்குக் கோடி கொண்டுவரப் பிறந்த வீட்டில் இனி யாரும் இல்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடியே திவ்யா, உன் பாட்டி எழுதினத மொதல்லேருந்து படிச்சுக் காட்டு. பேன்ட் வர்ற எடத்துல சிரிச்சுக்கோ. கோடி வர்ற எடத்துல மட்டும் மெதுவா படி.