ஒன்பது நாள் சோதித்த சமையல் புத்தகம்

முத்துவடிவை நாறும்பூநாதன் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவள் அவர் வைத்த ரசத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் ஜன்னலோரக் கட்டில். தூக்குவாளியில் கொண்டுபோயிருந்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டு, “உப்பு பத்தல அத்தான். எதுத்த கடையில ஒரு பொட்டலம் வாங்கிட்டு வாங்க” என்றாள். அவர் பொட்டலத்தோடு திரும்பியபோது கட்டிலைச் சுற்றி நர்சுகள் நின்றார்கள்.

அந்த அதிர்ச்சியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆனால் அதற்கு முன்னால் அவள் சிரித்துக்கொண்டே கொடுத்த அதிர்ச்சிகள் உண்டு. வெந்நீர் கூடப் போடத் தெரியாத மனிதர் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டதே அப்படி ஒன்றால்தான். அது 1962, குற்றால சீசன்.

நாறும்பூநாதன் தென்காசியில் பத்திரப் பதிவு அலுவலகத்தில் நகல் எழுத்தர். ஊரார் கொண்டுவரும் பத்திரங்களைப் புள்ளி மாறாமல் பெரிய புத்தகத்தில் பிரதி எடுப்பது வேலை. பதினைந்து வருடம் அதையே செய்ததில் அவருக்கென்று ஒரு மதம் உண்டாகியிருந்தது. எழுத்தில் இருப்பது உண்டு. எழுத்தில் இல்லாதது இல்லை. கையெழுத்துப் போட்டால் போட்டதுதான். பிரம்மா வந்து கேட்டாலும் மாற்ற முடியாது. இந்த மதம் நுழையாத ஒரே இடம் அவர் வீட்டு அடுப்படி.

ஒரு வெள்ளிக்கிழமை சோற்றில் தேங்காய்ப்பால் சொதியை ஊற்றிப் பிசைந்தவர், கையை அந்தரத்தில் நிறுத்தினார்.

“போன வெள்ளிக்கிழம சொதி ஒரு மாதிரி இருந்துச்சு. இன்னைக்கு வேற மாதிரி இருக்கு.”

“நல்லா இல்லியா அத்தான்?”

“நல்லாத்தான் இருக்கு. ஏன் வேற மாதிரி இருக்கு?”

“போன வெள்ளிக்கிழம வெயிலு. இன்னைக்குச் சாரலு.”

“அதுக்கும் சொதிக்கும் என்னட்டி சம்பந்தம்? இஞ்சி எவ்வளவு போட்ட?”

“போதுமான அளவு.”

“போதும்னு எப்பிடித் தெரியும்?”

“போதும்போது தெரியும்.”

நாறும்பூநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. “ஏட்டி, ‘வடக்கே வாய்க்கால், தெற்கே போதுமான அளவு’ன்னு ஒருத்தன் பத்திரம் எழுதிட்டு வந்தா ரெஜிஸ்தர் பண்ணுவாங்களா?”

“நிலத்தைத் திங்க முடியுமா அத்தான்? மோர் ஊத்தவா?”

அன்றைக்கே தீர்மானித்துவிட்டார். இந்த வீட்டுக்கு ஒரு சமையல் புத்தகம் வேண்டும். கல்யாண விருந்துக்கு அல்ல, தினசரிச் சமையலுக்கு. நம்பி அடுப்பில் ஏற்றக்கூடிய புத்தகம்.

முகம்மது கனியின் புத்தகக் கடையில் மூன்று கிடைத்தன. சிவப்பு அட்டை ஒன்று, பச்சை அட்டை ஒன்று, மஞ்சள் அட்டை ஒன்று.

“இதுல எது நம்பிக்கையானது பாய்?”

“அண்ணாச்சி, நான் வித்தவன். சமைச்சவன் இல்ல. இதுவரைக்கும் வாங்கிட்டுப் போன யாரும் திரும்பி வரல. நல்லா இருந்து வரலையா, வர முடியாம ஆயிட்டாங்களான்னு தெரியாது.”

மூன்றையும் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். முத்துவடிவு சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்து, ஆறு பதில்கள் தயாராக வைத்திருந்தார். அவள் புத்தகங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, “நல்லது அத்தான்” என்றாள். ஆறு பதிலும் வீணாகிவிட்டன.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சாரல் விழுந்துவிட்டால் ஊரெல்லாம் குற்றாலத்துக்கு வரும். வருகிறவர்களில் உறவுக்காரர்கள் அத்தனை பேரும் தென்காசியில் உள்ள உறவினர் வீட்டில்தான் இறங்குவார்கள். அவர்களுக்கு அருவி, வீட்டுக்காரிக்கு அடுப்பு. பேரருவி மூன்றே மைல். ஆனாலும் கல்யாணமான பன்னிரண்டு வருடத்தில் முத்துவடிவு சீசனில் ஒரு நாள் கூட அருவியில் நின்றதில்லை. அவளுக்குத் தெரிந்த குற்றாலம், கொடியில் சொட்டிக்கொண்டிருக்கும் பிறத்தியார் துணிதான். வருடாவருடம் ஒரு தடவை கேட்பாள். “நீயும் போயிட்டா வந்தவங்களுக்கு யாரு சமைப்பா?” என்று அவரும் வருடாவருடம் கேட்பார். அந்த வருடம் அவள் கேட்கவில்லை. கேட்காததை அவர் கவனிக்கவுமில்லை.

“ஒவ்வொரு புஸ்தகத்துக்கும் மூணு நாள்” என்றார். “அதுல இருக்கபடியே நீ செய்யி. நான் தின்னு பாத்துத் தீர்ப்புச் சொல்லுதேன்.”

“நான் செஞ்சா அது சோதனையா அத்தான்?”

“ஏன்?”

“புஸ்தகம் தப்பாச் சொன்னாலும் என் கை சும்மா இருக்காதே. சரி பண்ணிப்புடும். அப்புறம் புஸ்தகம் நல்லதா, என் கை நல்லதான்னு எப்பிடிப் பிரிப்பீங்க? சமையலே தெரியாத ஆளு, எழுத்தை மட்டும் நம்பிச் செய்யணும். அப்பம்தான் புஸ்தகத்தோட லட்சணம் வெளிய வரும்.”

நாறும்பூநாதன் அசந்துபோனார். ஆறாம் வகுப்போடு நின்ற பெண்ணின் வாயில் இப்படி ஒரு சட்ட பாயிண்டா?

“சமையலே தெரியாத ஆளுக்கு எங்கன போறது?”

முத்துவடிவு அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

மறுநாள் அதிகாலை நாறும்பூநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குள் போனார். முதலில் சிவப்புப் புத்தகம். அது பட்டணத்துப் புத்தகம். எல்லாம் புது நிறுவையில் போட்டிருந்தது.

“கடுகு அஞ்சு கிராம் எடு.”

“கடுகு தாளிக்கதுக்குக் கிராம்பு எதுக்கு அத்தான்?”

“கிராம்பு இல்லட்டி, கிராம்! சர்க்கார் அளவு.”

“சர்க்காரா வந்து அளந்து போடுவாங்க?”

அடுப்படியில் வெளிச்சம் போதாது. சாரலில் நனைந்த விறகு வேறு, எரிவதை விடப் புகைவது அதிகம். ஒவ்வொரு வரிக்கும் அவர் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு எதிர்ச்சுவர் ஜன்னலுக்குப் போக வேண்டும். கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைக்க வேண்டும். வரியை மனப்பாடம் செய்துகொண்டு, மந்திரம் போல முணுமுணுத்தபடி திரும்ப வேண்டும். அதுவரை முத்துவடிவு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றிலும் தலையிடாமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள்.

சிவப்புப் புத்தகத்துச் சாம்பாரை வாயில் வைத்தவர் வாசல் வரை ஓடினார். மூன்று நாளும் மூன்று விதமாக ஓடினார். பச்சைப் புத்தகம் அதைவிட மோசம். அதில் எதற்கெடுத்தாலும் மேஜைக் கரண்டி. வீட்டில் மேஜையே கிடையாது. ஆறாம் நாள் அவியலை முத்துவடிவு காக்கைக்கு வைத்தாள். காக்கை ஒரு கொத்துக் கொத்திவிட்டு, தன் இனத்தையெல்லாம் கூப்பிட்டு எச்சரித்தது.

ஏழாம் நாள் மஞ்சள் புத்தகம். ஒல்லியான புத்தகம். புளிக்குழம்பு. இறக்கி வைத்து, பயந்து பயந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கினார். அப்படியே நின்றுவிட்டார்.

“என்ன அத்தான், வாசலுக்குப் போகலியா?”

“ஏட்டி, நீ பாரு.”

அவளும் நக்கினாள். கண்ணை மூடினாள். “என் கையெல்லாம் இனி எதுக்கு?” என்றாள்.

எட்டாம் நாள் இடிசாம்பார். ஒன்பதாம் நாள் தேங்காய் வறுத்து அரைத்த தீயல். அலுவலகத்தில் தூக்குவாளியைத் திறந்தால் ஹெட் கிளார்க் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்தார். “நான் வச்சதுய்யா!” என்றால் யாரும் நம்பவில்லை. நாறும்பூநாதன் அரை அடி உயர்ந்து நடந்தார்.

அன்று சாயங்காலம் மஞ்சள் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஓர் அறிவிப்பைக் கண்டார். சமைத்துப் பார்த்தவர்கள் அபிப்பிராயம் எழுதி அனுப்பினால் அடுத்த பதிப்பில் அச்சிடப்படும். அவருக்குக் கை பரபரத்தது. நல்ல தாள் எடுத்து, பத்திரக் கையெழுத்தில் ஒரு சான்றிதழ் எழுதி, மனைவிக்கு வாசித்துக் காட்டினார்.

“‘மூன்று சமையல் புத்தகங்களை ஒன்பது நாள் நானே என் கைப்படச் செய்து சோதித்ததில், தினசரிச் சமையலுக்கு இதுவே முழுக்க நம்பத்தக்கது எனக் கண்டேன்.’ எப்பிடி?”

“‘வேறு எவருடைய உதவியும் இல்லாமல்’னு ஒரு வரி சேருங்க அத்தான். இல்லன்னா பொண்டாட்டி செஞ்சிருப்பான்னு ஊருல பேசுவாங்க.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பெருந்தன்மை! அந்த வரியைச் சேர்த்து, பெயரும் ஊரும் எழுதி, கையெழுத்துப் போட்டார். தபால் பெட்டி வரை அவளே போய்ப் போட்டுவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சிவகிரியிலிருந்து முத்துவடிவின் அண்ணன் நெல்லையப்பன் வந்து இறங்கினார். கூட அவர் குடும்பம், சகலை குடும்பம் என்று பதினோரு உருப்படி. காப்பி குடித்துவிட்டு, உடம்பு முழுக்க எண்ணெயோடு எல்லாரும் வண்டியில் ஏறினார்கள். கடைசியாக முத்துவடிவு, மாற்றுச் சேலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஏறினாள்.

நாறும்பூநாதனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “ஏட்டி, நீ எங்கன போற?”

“அருவிக்கு.”

“நீயா?”

“ஏன், என்னக் கண்டா தண்ணி ஓடிருமா?”

“சமையல்?”

“அதான் நீங்க இருக்கீங்களே. புஸ்தகம் இருக்கே.”

“பன்னெண்டு பேருக்கா?”

“உங்களச் சேத்துப் பதிமூணு. எல்லாத்தையும் நாலால பெருக்குங்க அத்தான். கணக்குல நீங்க புலியாச்சே.”

வண்டி போயேவிட்டது.

சரி, புத்தகம் இருக்கிறது என்று தைரியம் சொல்லிக்கொண்டார். அதே மஞ்சள் புத்தகம். அதே தீயல், அதே பக்கம். ஜன்னலுக்குப் போனார், வாசித்தார், திரும்பினார், போட்டார். ஒரு வரி பிசகவில்லை. ஆனால் தேங்காய் கருகியது. புளி நாக்கைப் பிடுங்கியது. உப்பு எங்கே போனதென்றே தெரியவில்லை. பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதே எழுத்துதான். எழுத்து பொய் சொல்லுமா?

புகை தாங்காமல் புறவாசலுக்கு வந்தார். பக்கத்து வீட்டு உலகம்மை சுவருக்கு மேல் தலையை நீட்டி, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள்.

“என்னம்மா சிரிப்பு?”

“ஒண்ணுமில்ல அண்ணாச்சி. இன்னைக்கு நீங்க ஜன்னலுக்குப் போனா அடுப்புக்கிட்ட ஆளில்லையே, அதை நெனச்சேன்.”

“அடுப்புக்கிட்ட ஆளு எதுக்கு?”

“ஒம்பது நாளா இங்கன நின்னு பாத்துட்டுதான இருக்கேன்? நீங்க புஸ்தகத்தைத் தூக்கிட்டு ஜன்னலுக்குப் போவீங்க. மதினி சட்டியில ஒரு கை போடுவா. நீங்க திரும்புவீங்க. மதினி வெங்காயம் உரிப்பா.”

நாறும்பூநாதன் விரல் விட்டு எண்ணினார். “ஒம்பது நாளுமா? பின்ன, மொதல் ஆறு நாள் ஏன் விளங்கல?”

“அப்பவும் போட்டா அண்ணாச்சி. அப்பம் போட்டது கல்லுப்பு.”

அவர் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். சான்றிதழ் கண்முன் வந்தது. ‘வேறு எவருடைய உதவியும் இல்லாமல்.’ தன் கையெழுத்து. இதற்குள் அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஆனால் ஒரு வழி இருந்தது. இந்தத் தீயல். இதை வாயில் வைத்ததும் பதினோரு பேரும் வாசலுக்கு ஓடுவார்கள். முத்துவடிவு மானம் போகாமலிருக்க, தானே உண்மையை ஒப்புக்கொண்டு கரண்டியைத் திரும்பப் பிடிப்பாள். அவர் ஆர்வத்தோடு இலை போட்டார்.

ஒரு மணிக்கு வந்தார்கள். எல்லாருக்கும் கண் சிவந்திருந்தது, உதடு வெளுத்திருந்தது. முத்துவடிவின் துவட்டாத தலையிலிருந்து தண்ணீர் முதுகெல்லாம் வழிந்தது. அவளை அப்படி அவர் பார்த்ததே இல்லை. சிறு பெண் மாதிரி இருந்தாள். ஒரு நிமிடம் கோபம் மறந்துபோனது.

இலையில் உட்கார்ந்ததும் பேச்சு நின்றது. நாறும்பூநாதன் வாசலுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். யாரும் ஓடவில்லை. மாறாக, “இங்கன சோறு!” என்றார் நெல்லையப்பன். “இங்கன தீயல்!” என்றார் சகலை. அருவியில் இரண்டு மணி நேரம் அடிபட்டு வந்த உடம்பு, எதிரே வந்ததையெல்லாம் இழுத்தது. அவர் திகைத்துப்போய்ப் பரிமாறினார்.

“மச்சான், தீயல் கரிஞ்சுபோச்சு” என்றார், கெஞ்சுகிற குரலில்.

“தீயல்னா கருப்பாத்தானய்யா இருக்கணும் மாப்ளே!”

“உப்பு?”

“இருந்தா இருக்கட்டும். பன்னெண்டு வருசமா இந்த வித்தைய மறைச்சு வச்சிருந்தீங்களே! அடுத்த சீசனுக்குப் பெரியப்பா வீட்டையும் கூட்டிட்டு வாரேன். நீங்கதான் சமைக்கீங்க. தங்கச்சி எங்ககூட வாரா.”

முத்துவடிவு மூன்றாம் தடவை சோறு வாங்கினாள். தலை நிமிரவே இல்லை.

சாயங்காலம் விருந்தாளிகள் கடைவீதிக்குப் போன பிறகு அவளைப் பிடித்தார். “எல்லாம் தெரியும். உலகம்மை சொல்லிட்டா. இப்பமே அச்சகத்துக்குக் காயிதம் எழுதி, அந்தச் சான்றிதழை ரத்துப் பண்ணுதேன்.”

“பண்ணுங்க. ‘நான் கையெழுத்துப் போட்டது பொய்’னு எழுதி, அதுக்குக் கீழயும் ஒரு கையெழுத்துப் போடணுமே அத்தான். அதை எப்பிடி நம்புவாங்க?”

அவர் எடுத்த தாளைத் திரும்ப மடித்து வைத்தார். ஒரே ஒரு கேள்விதான் மிச்சமிருந்தது.

“அது சரி, மூணுல மஞ்சளை எதுக்குத் தேர்ந்தெடுத்த?”

முத்துவடிவு கொடியில் தன்னுடைய ஈரச் சேலையை விரித்து, நான்கு பக்கமும் இழுத்து நீவினாள்.

“அதுலதான் எழுத்து பெருசு அத்தான். நீங்க வருசா வருசம் வாசிக்கணும்லா?”

வருடா வருடம் வாசித்தார். மறுவருடம் அச்சகத்தார் இரண்டாம் பதிப்பின் பிரதி ஒன்றை இலவசமாக அனுப்பினார்கள். அது இப்போதும் அடுப்படி மாடத்தில் இருக்கிறது. சான்றிதழ் முதல் பக்கத்தில் அச்சாகியிருக்கிறது. அதன் கீழே ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது.