பம்ப் அண்ணையை வேவு பார்த்தவர்கள்

உடையார்கட்டில் காற்றடித்தால்கூட "ஆர் அனுப்பினது?" என்று விசாரிக்கக்கூடிய மனிதர் ஒருவர்தான் இருக்கிறார். வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புகளைத் திருத்துகிறவர் என்பதால் ஊருக்கே அவர் பம்ப் அண்ணை. சொந்தப் பெயரைக் கேட்டால், "ஏன் கேக்கிறியள்?" என்பார்.

எங்கள் சின்னக் கோயிலுக்குப் பாதர் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவார். மற்ற நாட்களில் காலைச் செபத்தில் அன்றைய நற்செய்தியை வாசித்து, இரண்டு நிமிடம் சிந்தனை சொல்வது பள்ளிக்கூட ரீச்சரான என் வேலை. மாதா அறிய, யாரையும் குத்திக்காட்டும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை.

போன வருடம், உயிர்ப்பு ஞாயிறு முடிந்த செவ்வாய்க்கிழமை. உயிர்த்த ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று மரியா நினைத்த பகுதியை வாசித்தேன். முடிந்ததும் பம்ப் அண்ணை வாசலில் மறித்தார்.

"நேற்று நான் கத்தரிக்குத் தண்ணி விட்டதை ஆர் ரீச்சர் உங்களுக்குச் சொன்னது?"

புதன்கிழமை, எம்மாவுக்கு நடந்துபோன இருவரோடு வழியில் ஒருவர் சேர்ந்துகொண்ட கதை. முதல் நாள் அண்ணையும் சைக்கிள் காற்றுப்போய், யாரோ இருவரோடு நடந்து வந்திருக்கிறார். இது போதாதா?

அன்று பின்னேரமே என்னைக் கையும் மெய்யுமாகப் பிடிக்கத் திட்டம் போட்டார். குசினிக் கதவையும் யன்னலையும் பூட்டி, இடுக்குகளைச் சாக்கால் அடைத்து, ஒரு மீனைச் சுட்டு, புகையில் கண்ணும் மூக்கும் ஒழுகத் தனியே இருந்து தின்றிருக்கிறார். வியாழக்கிழமை நான் என் பாட்டுக்கு வாசித்தேன்: சீடர்கள் ஆண்டவருக்குச் சுட்ட மீன் துண்டு ஒன்றைக் கொடுத்தார்களாம்.

அண்ணை எழும்பிய வேகத்தில் பின்னால் ஒரு கதிரை விழுந்தது.

"பூனைக்குக்கூடக் குடுக்கேல்லை! எப்பிடித் தெரியும்? சொல்லுங்கோ!"

ஞாயிற்றுக்கிழமை பாதர் வந்து, காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற தோமாவைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார். கோயில் முழுவதும் ஒருவரைத்தான் திரும்பிப் பார்த்தது. "இனி இந்த வாசலை மிதிக்கமாட்டன்" என்று அண்ணை எழும்பிப் போய்விட்டார்.

மனைவி இறந்தபிறகு தனியாக இருக்கிறவர். பம்பைத் தவிர வேறு விசயம் நாலு பேரோடு அவர் கதைப்பது கோயிலில்தான். அதையும் விட்டுவிட்டால் ஆள் என்ன ஆவார் என்று எனக்குப் பயம் பிடித்தது. கோயில் கலண்டரோடு அவர் பம்ப் திருத்துகிற கொட்டிலுக்குப் போனேன்.

"பாருங்கோ அண்ணை, எந்த நாளுக்கு எந்த வாசகம் எண்டு முதலே அடிச்சிருக்கு. உலகம் முழுக்க இதுதான்."

ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார்.

"அப்ப என்னை ஒருத்தரும் வேவு பாக்கேல்லை."

"இல்லை அண்ணை."

"ஒருத்தருமே?"

வாதத்தில் வென்றது நான்தான்; ஆனால் கலண்டரை ஏன் கொண்டுவந்தேன் என்றிருந்தது.

அடுத்த நாள் செபத்துக்கு வந்தார். சண்டை இல்லை, கேள்வி இல்லை. செபம் முடிந்ததும் எழும்பிப் போனார். இப்படியே மூன்று கிழமை. அவர் மறிக்காத அந்த வாசல் எனக்குப் பிடிக்கவேயில்லை.

"திராட்சைக் கொடி நானே" என்ற நற்செய்தி வந்த நாள், சிந்தனையில் வேண்டுமென்றே ஒரு வரி சேர்த்தேன். பம்பைத் திருத்தியதும் போய்விடாமல், கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் சேரும்வரை வெயிலில் நிற்கிறவரும் அந்தக் கொடியின் கிளைதான் என்றேன். எங்கள் ஊரில் அப்படி நிற்கிறவர் ஒரே ஒருவர்.

வாசலில் ஆள் தயாராக நின்றார். விரல் என் மூக்குக்கு நேரே இருந்தது.

"இண்டைக்குச் சொன்னது என்னைத்தானே?"

"ஓம் அண்ணை. நான்தான் வேவு பாத்தனான்."

"எனக்கு அப்பவே தெரியும்! அந்தக் கலண்டரும் நீங்கள் அடிப்பிச்சதுதான்!"

மறுக்க எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் சிந்தனைக்காக, அன்று பின்னேரமே அவருடைய கொட்டில் பக்கம் சைக்கிளைத் திருப்பினேன்.