காதுக்குள் ஒரு மச்சான்

எட்டு மணிக்கு முன்னால் எழுந்திருப்பதில்லை என்பதை அவர் ஒரு கொள்கையாகவே வைத்திருந்தார். அச்சகத்தில் பிழை திருத்துவது தொழில். பிழையில்தான் பிழைப்பு. ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி இல்லையென்றால் இவர் தலை வெடித்துவிடும். ஆனால் காலை ஆறரை முதல் எட்டு வரை சொந்த வீட்டில் நடக்கும் பிழை ஒன்றுகூட அவர் கண்ணில் பட்டதில்லை. கண் மூடியிருக்குமே.

அந்த ஒன்றரை மணி நேரம் மனைவிக்கும் ஏழு வயது மகளுக்கும் நடுவே நடக்கும் யுத்தம். மகளைத் தெருவே பம்பரம் என்றுதான் கூப்பிடும். ஒரு காலில் சாக்ஸ் மாட்டுவாள். இன்னொன்றைத் தேடிப் போகிற வழியில் வண்ணப் பென்சில் கண்ணில் படும். அப்புறம் பள்ளி வண்டி வந்து ஹாரன் அடிக்கும்போது அவள் கதவில் மீன் வரைந்துகொண்டிருப்பாள். கவனம் ஓரிடத்தில் நிற்காத ஏடிஹெச்டி என்றார் டாக்டர். முதலில் பெற்றோர் இரண்டு பேரும் பயிற்சிக்குப் போங்கள் என்றும் சொன்னார்.

போக வேண்டியதே இல்லை. கைபேசியை அலமாரியில் சாய்த்து வைத்தால், எங்கோ இருக்கிற பயிற்சியாளர் அம்மா திரை வழியே பார்ப்பார். பெற்றவர் காதில் இயர்போன்; தப்பு செய்தால் அதில் சொல்வார். பத்து நிமிஷம் குழந்தை இஷ்டத்துக்கு அதனோடு விளையாட வேண்டும். கேள்வி கூடாது. கட்டளை கூடாது. குறை சொல்லவே கூடாது. நல்லதைப் பார்த்தால் வாய்விட்டுப் பாராட்ட வேண்டும்.

முதல் நாள் பம்பரம் ஒரு பூனை வரைந்தாள். அதற்கு ஐந்து கால்.

"பூனைக்கு ஏம்மா அஞ்சு கால்?"

"கேள்வி," என்றது காது.

"ஒண்ணை அழிச்சிடு."

"கட்டளை."

"நாலே போதுமே."

"குறை."

ஒரே காலில் மூன்று தப்பு. எட்டு வாரம் இப்படியே ஓடியது. மனைவி கடைசிப் பரீட்சையில் முதல் தடவையிலேயே பாஸாகிவிட்டாள்.

"நீங்க திருத்துறதை விட்டாத்தான் திருந்துவீங்க," என்றாள்.

"இதெல்லாம் ஒரு வித்தையா? கடைசிப் பரீட்சையில பாரு."

"ஃபெயிலானா?"

"காலையில இவளைக் கிளப்புற வேலை ஒரு வருஷம் என்னோடது."

வாய் சொல்லிவிட்டது. காது அப்புறம்தான் கேட்டது. சமாளித்துக்கொண்டு, "பாஸாயிட்டா அந்தப் பேச்சையே நீ எடுக்கக் கூடாது," என்றார்.

"எடுக்க மாட்டேன்." ஆறரை மணி நீச்சல் வகுப்பில் சேர மூன்று வருஷமாக ஆசைப்படுகிறவள், அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டாள். அங்கேயே அவர் உஷாராகியிருக்க வேண்டும்.

கடைசிப் பரீட்சையில் பயிற்சியாளர் அம்மா காதில் எதுவும் சொல்லித் தர மாட்டார். எண்ண மட்டும் செய்வார். பத்துப் பாராட்டாவது வேண்டும். தப்பு மூன்றைத் தாண்டக் கூடாது. இவர் நேரே செல்போன் பழுது பார்க்கும் மச்சானிடம் போனார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி.

"நீ மாடியில உட்கார்ந்து பாரு. என் காதுல சொல்லு. நான் அப்படியே சொல்லிடறேன்."

"இது காப்பி இல்லையா மாமா?"

"பிரதி எடுக்கிறதுடா. என் தொழிலே அதுதான்."

"அக்காவுக்குத் தெரிஞ்சா?"

"அவ அப்ப கடைக்குப் போயிருப்பா. நீ சொல்லாம இருந்தா போதும்."

"மாமா, உங்களுக்காக உயிரையே கொடுப்பேன். ஒண்ணு மட்டும், யோசிக்காதீங்க. யோசிச்சா திருத்த ஆரம்பிச்சுடுவீங்க."

உயிரைக் கொடுக்கிறவன் வாக்கு எதுவும் கொடுக்கவில்லை. அத்தனை பிழை பார்க்கும் கண் அந்த விடுபடலைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. பழைய கைபேசி ஒன்று புத்தகங்களுக்கு நடுவே ஒளிந்து, மாடிக்குப் படம் காட்டிக்கொண்டிருந்தது. சளி என்று சொல்லிக் கம்பளிக் குல்லாயைக் காது வரை இழுத்துவிட்டிருந்தார். குல்லாய்க்குள் மச்சான்.

பம்பரம் மரக்கட்டைகளைக் கொட்டினாள்.

"கட்டையை மெதுவா அடுக்குறே. சூப்பர்," என்றது காது.

"கட்டையை மெதுவா அடுக்குறே. சூப்பர்."

"இருமல் வருது, ஒரு நிமிஷம்."

"இருமல் வருது, ஒரு நிமிஷம்."

"தண்ணி குடிப்பா," என்றாள் மகள்.

கோபுரம் சாய்ந்தது. நிமிர்த்தக் கை துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டார். "சாஞ்சாலும் விடாம கட்டுறே," என்றது காது, இருமிக் கம்மிய குரலில். அவரும் சொன்னார். பம்பரம் நிமிர்ந்து அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு அவர் முழங்காலில் சாய்ந்துகொண்டு கட்டினாள். ஏழு நிமிஷமாக எழுந்திருக்கவே இல்லை. குல்லாய்க்குள் வேர்த்தது. நெஞ்சுக்குள் என்னவோ இளகியது. இப்படி ஒரு பிள்ளை தன் வீட்டிலா இருந்தது?

காது வேகம் பிடித்தது. அச்சகத்தில் அடுத்தவர் எழுதியதைக் கடகடவென்று உரக்கப் படித்துப் படித்துப் பழகிய வாய் அது. எழுத்தைக் கவனிக்கும். அர்த்தம் வாசலிலேயே நிற்கும்.

"நீ கதவுல வரையுற மீன் ரொம்ப அழகு. தினம் அதைப் பார்க்காம அப்பா தூங்கிட்டேன். நாளையிலேர்ந்து ஒரு வருஷம், ஆறரைக்கு எழுந்து அப்பாதான் உன்னைக் கிளப்பப் போறேன்."

ஒரு மெய், ஒரு புள்ளி தவறாமல் சொல்லி முடித்தார். அப்புறம் அர்த்தம் உள்ளே வந்தது.

கோபுரம் எட்டுத் திசையிலும் பறந்தது. பம்பரம் அவர் கழுத்தில் தொங்கினாள். "நிஜமாப்பா? நீயா? தினமுமா?"

திரையில் பயிற்சியாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "பாராட்டு பன்னிரண்டு. தப்பு ஒண்ணுகூட இல்லை. பாஸ் சார். ஆனா குழந்தைக்குக் கொடுத்த வாக்கை மட்டும் மாத்திடாதீங்க."

"மச்சான்," என்று பல்லைக் கடித்தார்.

"அவன் இருமப் போனவன் இன்னும் வரலைங்க," என்றது காது. இப்போது கொஞ்சமும் குரலை மாற்றாமல், மனைவியின் குரலிலேயே. கடைக்குப் போனவள் மாடிக்குப் போயிருக்கிறாள். "நீச்சல் டிரெஸ் போன வாரமே வாங்கிட்டேன்."

"அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்னியே," என்றார், உதடு அசையாமல்.

"நான் எங்கே எடுத்தேன்? நீங்களாத்தானே எடுத்தீங்க. குழந்தை கேட்டுக்கிட்டே இருக்கா பாருங்க. சரின்னு சொல்லுங்க."

"சரி," என்றார் பிழைதிருத்துபவர். அதில் திருத்த ஒன்றுமில்லை.